க்வில்ட்டுக்குக் கச்சா போடுவது: வீட்டு மெஷினில் தைக்கும் முன் மூன்று அடுக்கையும் நகராமல் நிறுத்த முழுமையான வழிகாட்டி

தையல் மெஷினின் பல் துணியை அடியிலிருந்துதான் இழுக்கிறது. மேலே இருக்கும் ஃபுட் இழுப்பதில்லை, அழுத்திப் பிடிக்க மட்டும்தான் செய்கிறது. இரண்டு மெல்லிய துணியைச் சேர்த்துத் தைத்தாலே, நீளமான தையலின் முடிவில் மேல் துணி அரை விரற்கடை மிஞ்சி நிற்பதைத் தைப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். க்வில்ட் என்ற அடுக்குப் போர்வையில் இரண்டு துணிக்கும் நடுவே பஞ்சு வேறு இருக்கிறது. அது அமுங்கும், நெளியும், வழுக்கும். அடித்துணி பல்லோடு போய்விட, மேல் துணியை ஃபுட் முன்னால் தள்ளிக்கொண்டே வரும். ஒரு கோடு முடிவதற்குள் மிஞ்சியது எங்காவது ஓரிடத்தில் மடிப்பாக விழுந்தாக வேண்டும்.

க்வில்ட் தைப்பதற்கென்றே உள்ள பெரிய லாங்ஆர்ம் மெஷினில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே மூன்று அடுக்கும் உருளைகளில் சுற்றி விறைப்பாக நிற்க, மெஷினின் தலை நகரும். வீட்டு மெஷினில் தலை நிற்கும், துணி நகரும். பிடித்துக்கொள்ளச் சட்டம் ஏதும் இல்லை. அந்தச் சட்டத்தின் வேலையைக் கச்சாதான், அதாவது அடுக்குகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பதுதான், பார்க்க வேண்டும். கோட்டு தைக்கும் டெய்லர் லைனிங்கை நிறுத்தி வைக்க ஓட்டுகிற அதே கச்சாதான் இதுவும். இங்கே நூலோடு ஊக்கும் பசையும் சேர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். மெஷின் சரியில்லை, டென்ஷன் சரியில்லை என்று சொல்லப்படும் சுருக்கங்களில் பாதிக்கு மேல் தரையில் துணியை விரித்தபோதே விதைக்கப்பட்டவை.

கணக்குக்கு, 60க்கு 80 அங்குலம் உள்ள ஒற்றைக் கட்டில் க்வில்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அடித்துணியும் பஞ்சும்

அடித்துணி மேல் துணியைவிட நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். 3 அங்குலம் போதும் என்பவர்கள் உண்டு. குழந்தைப் போர்வைக்கு அது போதும், கட்டில் அளவுக்குப் போதாது. தைக்கத் தைக்கப் பஞ்சு துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும். டேப் ஒட்டவும் இடம் வேண்டும். ஆக 68க்கு 88 அங்குலம். 44 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) எடுத்தால் 88 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு, மொத்தம் 176 அங்குலம், ஏறக்குறைய நாலரை மீட்டர். பருத்தி துவைத்தால் சுருங்கும் என்பதால் 4.75 மீட்டராக வாங்கிவிடுங்கள். முதலில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். அடர் சிவப்பு, கருநீலம் என்றால் நீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். வெள்ளை கலந்த மேல் துணியில் பிற்பாடு சாயம் ஏறினால் எடுக்க முடியாது.

இரண்டு துண்டையும் இணைக்கும் முன் ஓரக்கரையை அரை அங்குலம் வெட்டி எறியுங்கள். கரையில் நெசவு நெருக்கமாக இருக்கும். நடுத்துணியும் அதுவும் ஒரே அளவாகச் சுருங்காது. கரையோடு இணைத்தால் முதல் துவையலிலேயே அடித்துணியின் நடுவில் கயிறு கட்டியது போல ஒரு கோடு எழும்பும். தையலுக்கு அரை அங்குலம் விட்டுத் தைத்து, இரு பக்கமும் பிரித்து விரித்து இஸ்திரி போடுங்கள். ஒரே பக்கம் மடித்தால் அந்த இடத்தில் கனம் கூடி ஃபுட் தடுக்கும்.

டபுள் பெட்ஷீட்டை அப்படியே அடித்துணியாக்கலாம், இணைப்பு இல்லாமல் வேலை முடியும். நூல் நெருக்கமான வழவழப்பு ரகம் மட்டும் வேண்டாம். அதில் ஊசித்துளை மூடாது, பிரித்துத் தைத்தால் துளைகள் வரிசையாகத் தெரியும். மல் வேட்டித் துணி இதற்கு நேர் எதிர். மென்மை பிரமாதம், ஆனால் டேப் போட்டு இழுத்தால் இழுத்த பக்கமெல்லாம் வரும். பழக்கம் வந்த பிறகு அதைத் தொடுங்கள்.

க்வில்ட்டுக்கென்றே தாளாக வரும் பஞ்சான பருத்தி பேட்டிங்கும், 80 சதவீதம் பருத்தியும் 20 சதவீதம் பாலியஸ்டரும் கலந்ததும் வீட்டு மெஷினுக்கு மிகத் தோதானவை. தட்டையாக இருக்கும், துணியை லேசாகப் பற்றிக்கொள்ளும். அது கிடைக்காத ஊரில் மெத்தை, சோபா சாமான் விற்கும் கடையில் பாலியஸ்டர் வாடிங் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதை, சொல்லிக் கேட்க வேண்டும். 100 முதல் 150 வரை சிரமமில்லை. 200ஐத் தாண்டினால் பாதி க்வில்ட்டைச் சுருட்டி மெஷினின் கைக்குள் திணிப்பதே பெரும்பாடு, ஏனென்றால் சாதாரண வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் இடையே ஏறக்குறைய 6 அங்குலம்தான் இடம். புசுபுசுவென்று உயரமாக இருப்பது அதிகம் நகரவும் செய்யும். இலவம்பஞ்சோ அடித்த பஞ்சோ இதற்கு ஆகாது. அவை தாளாக ஒட்டி வருவதில்லை, உதிரியாக ஓடி மூலையில் சேர்ந்துவிடும்.

பஞ்சையும் அடித்துணி அளவுக்கோ, ஒரு அங்குலம் குறைவாகவோ வெட்டலாம். பொட்டலத்திலிருந்து எடுத்ததும் அதில் மடிப்புக் கோடுகள் இருக்கும். முந்தின நாளே கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டால் தானாகத் தளரும். பருத்தியானால் ஆவி இஸ்திரி காட்டலாம். பாலியஸ்டருக்கு அதிகச் சூடு காட்டினால் உருகித் தகடாகிவிடும்.

ஊசியால் குத்திப் பின்னிய பஞ்சுக்கு மேல், கீழ் உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பக்கம் சின்னச் சின்னக் குழிகள் தெரியும், மறுபக்கம் இழைகள் சிறு முடிச்சுகளாகத் துருத்தும், சிலவற்றில் வலைபோல மெல்லிய தாளும் ஒட்டியிருக்கும். குழி தெரியும் பக்கம் மேல் துணியைப் பார்க்கட்டும். மாற்றிப் போட்டால் இழைகள் துணி வழியே தாடி முளைத்தது போல வெளியே வரும்.

மேல் துணியைத் தயார் செய்வது

இது சலிப்பான வேலை. விட்டுவிட்டால் அதைவிடச் சலிப்பு. பின்பக்கத்தைத் திருப்பி, தொங்கும் நூல்கள் அத்தனையையும் வெட்டுங்கள். வெள்ளைத் துணிக்கு அடியில் ஒரு கறுப்பு நூல் கிடந்தால் கடைசிவரை நரம்புபோலத் தெரியும். நன்றாக இஸ்திரி போடுங்கள். இனி இந்தத் துணியைச் சூடான பெட்டியால் அழுத்தி இஸ்திரி போட முடியாது.

ஓரத்தைச் சுற்றி, விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு தையல் ஓட்டுங்கள். மேல் துணியில் துண்டுகளைச் சேர்த்த இணைப்புகள் ஓரத்தில் வந்து முடியும் இடத்தில் பிரியாது, கிராஸாக வெட்டிய ஓரம் இழுபடாது.

பிறகு அளவு எடுங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்தால் மூன்றும் கால் அங்குல வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் 60, ஓரத்தில் 61 என்று வந்தால் பார்டர் துணி நீளமாகப் போய்விட்டது, விரித்தால் அலையடிக்கும். அந்த ஒரு அங்குலத்தை எந்தக் கச்சாவாலும் விழுங்க முடியாது. பார்டரைப் பிரித்து, நடு அளவுக்கு வெட்டித் தைத்துவிட்டு வாருங்கள்.

தைக்கும் கோடுகளை ஸ்டென்சில் வைத்து வரைவதானால் இப்போதே வரைவது நல்லது. ஆனால் நீரில் அழியும் நீலப் பேனாவால் வரைந்த துணிமேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள், கோடு நிலைத்துவிடும். பசை ஸ்ப்ரே அடித்துக் கச்சா போடும் முறையில் கடைசியாகச் சூடு காட்ட வேண்டியிருப்பதால், ஸ்ப்ரே போடுபவர்கள் கோடுகளைப் பிறகு வரைந்துகொள்ளட்டும்.

தரையில் அடித்துணி: பாதி வேலை இதுதான்

டைல்ஸ் தரையோ மொசைக் தரையோ இருந்தால் கவலையில்லை. நன்றாகப் பெருக்கித் துடைத்து, ஈரம் போகும்வரை காயவிடுங்கள். ஈரத் தரையில் டேப் ஒட்டாது. சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், பஞ்சு பறக்காவிட்டாலும் ஓரம் தூக்கும். மரத்தரையில் ஊக்கு கீறும் என்பதால் கீழே பழைய அட்டை விரியுங்கள்.

அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கட்டும். இரண்டு அங்குல மாஸ்கிங் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்பு நிறப் பார்சல் டேப் வேண்டாம், துணியில் பிசின் விட்டுப்போகும்.

ஒட்டும் வரிசை முக்கியம். முதலில் மேல் ஓரத்தின் நடுவில் ஒரு டேப். நேர் எதிரே கீழ் ஓரத்துக்குப் போய், துணியை மெல்ல இழுத்து நடுவில் ஒரு டேப். அடுத்து இடது நடு, பிறகு வலது நடு. சிலுவைபோல நாலு இடம் பிடித்தாயிற்று. இனி ஒவ்வொரு டேப்பிலிருந்தும் மூலையை நோக்கி, ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிராக ஒட்டிக்கொண்டே போங்கள். மூலைகள் கடைசி. மூலையை முதலில் பிடித்தால் துணி குறுக்காக இழுபட்டு, நடுவில் தொட்டில்போலத் தொய்யும்.

எவ்வளவு இழுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். துணி விறைப்பாக இருக்க வேண்டும், நீண்டிருக்கக் கூடாது. கட்டம் போட்ட துணியானால் கண்ணிலேயே தெரியும்: கட்டங்கள் சதுரமாக இருக்க வேண்டும், வளைந்தோ நீண்டோ இருந்தால் இழுப்பு அதிகம். வெற்றுத் துணியானால் உள்ளங்கையைப் பரப்பி நடுவிலிருந்து ஓரம்வரை தள்ளிப் பாருங்கள். கைக்கு முன்னால் அலை எழுந்தால் தளர்வு. ஓர் இடத்தில் டேப்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். துணி இருந்த இடத்திலேயே கிடந்தால் சரி. கால் அங்குலம் உள்ளே ஓடினால் நீங்கள் அதை ரப்பர்போல நீட்டியிருக்கிறீர்கள். அப்படியே கச்சா போட்டால், டேப்பைக் கழற்றியதும் அடித்துணி பழைய அளவுக்குத் திரும்பும். மேல் துணி திரும்பாது, பொரிந்த அப்பளம்போல மேடு தட்டும்.

குனிந்து வேலை செய்ய முடியாதவர்கள் சாப்பாட்டு மேசையில் செய்யலாம். மேசையின் நடுப்புள்ளியில் மருந்து கிள்ளிய ஒரு தீக்குச்சியை டேப்பால் ஒட்டுங்கள். மூன்று அடுக்கு விரித்த பிறகும் விரலால் தடவினால் அது தட்டுப்படும், ஒவ்வொரு அடுக்கின் நடுவையும் அதற்கு நேராக வைக்கலாம். ஓரங்களை டேப்புக்குப் பதில் பெரிய பைண்டர் கிளிப்பால் மேசை விளிம்போடு பிடியுங்கள். மேசை சிறியதானால் நடுப்பகுதிக்கு முதலில் கச்சா போட்டு, கிளிப்புகளைக் கழற்றி, க்வில்ட்டை நகர்த்தி, அடுத்த பகுதியைப் பிடிக்க வேண்டும். நகர்த்திய ஒவ்வொரு முறையும் அடித்துணியை மட்டும் தனியாகப் பிடித்து இழுத்து விறைப்பாக்குங்கள். அதை மறந்தால் நகர்த்திய கோட்டில்தான் மடிப்பு விழும்.

அடித்துணி பிடித்தானதும் பஞ்சை நான்காக மடித்து, மடிப்பு முனையை நடுவில் வைத்து விரியுங்கள். இரு கைகளாலும் நடுவிலிருந்து தடவிவிட்டால் போதும், பஞ்சை இழுக்கக் கூடாது. மேல் துணியையும் அதேபோல நல்ல பக்கம் தெரியும்படி நடுவிலிருந்து விரித்து, நெடிய இணைப்புத் தையல்கள் நேராக ஓடுகின்றனவா என்று நீள ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இங்கே வளைந்த கோடு கடைசிவரை வளைந்தே இருக்கும்.

ஊக்குக் கச்சா

முதல் க்வில்ட்டுக்கு இதைத்தான் சொல்வோம். செலவு ஒரு முறைதான், தவறினால் கழற்றிப் போடலாம், நாற்றம் கிடையாது.

க்வில்ட்டுக்கென்று வரும் ஊக்கு நடுவில் வளைந்திருக்கும், ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல் நீளம். வளைவு இருப்பதால் முனை தரையைத் தொட்டதும் தானாக மேலே திரும்பும், துணியைத் தூக்க வேண்டியதில்லை. நேரான சேலை ஊக்கும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் துணி தூக்கும், தூக்கிய இடத்தில் அடித்துணி தளரும். எது வாங்கினாலும் ஒன்றை எடுத்துப் பழைய வெள்ளைத் துணியில் குத்திப் பாருங்கள். முனை மழுங்கியிருந்தால் இழை இழுக்கும், கறை விட்டால் மொத்தப் பெட்டியையும் திருப்பிக் கொடுங்கள்.

எத்தனை வேண்டும்? 4 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 60க்குப் 15, 80க்கு 20, மொத்தம் 300. உயரமான பாலியஸ்டர் வாடிங் என்றால் 3 அங்குலத்துக்கு ஒன்று, ஏறக்குறைய 540. கண்ணளவு பார்க்க எளிய வழி: முஷ்டி மடக்கிய கையைக் க்வில்ட்டின் எந்த இடத்தில் வைத்தாலும் ஒரு ஊக்காவது கையில் இடிக்க வேண்டும். இடிக்காத இடம் இருந்தால் அங்கே ஒன்று போடுங்கள். எண்ணிக்கையில் கஞ்சம் பிடிப்பவர்கள் பின்னால் பிரிப்பதில் செலவழிக்கிறார்கள்.

நடுவில் தொடங்கி, சூரியக் கதிர்போல வெளியே போங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் மிஞ்சிய துணி நடுவில் சிக்கும், அதற்குப் போக்கிடம் இராது. தையல் ஓடப்போகும் கோட்டிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளிக் குத்துங்கள். இணைப்புப் பள்ளத்தில் தைக்கப்போகிறீர்கள் என்றால் கட்டத்தின் நடுவில் ஊக்கு, கட்டத்தின் நடுவில் தைக்கப்போகிறீர்கள் என்றால் இணைப்புக்குப் பக்கத்தில்.

குத்தும் முறையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். வலக்கையில் திறந்த ஊக்கு, இடக்கையில் ஒரு டீஸ்பூன். முனையைச் செங்குத்தாக இறக்குங்கள். தரையில் தட்டுகிற சின்ன ஒலி கேட்கும், மூன்று அடுக்கும் துளைத்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உடனே ஊக்கைச் சாய்த்து, முனையை அரை அங்குலம் தள்ளி மேலே கொண்டுவாருங்கள். வெளியே வரும் இடத்தில் ஸ்பூனின் விளிம்பை வைத்து அழுத்தினால் முனை அதன்மேல் ஏறி நிற்கும். விரல் நுனியால் துணியைக் கிள்ளித் தூக்க வேண்டிய அவசியமே இல்லை, விரலும் தப்பிக்கும். 300 ஊக்குக்குப் பிறகு அந்த ஸ்பூனின் அருமை தெரியும்.

உடனே மூடாதீர்கள். எல்லா ஊக்கையும் திறந்தபடியே குத்தி முடித்து, மேல் துணியில் எங்காவது மேடு தட்டுகிறதா என்று பார்த்து, தேவையானதைப் பிடுங்கிச் சரிசெய்து, பிறகு ஒட்டுமொத்தமாக மூடுங்கள். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே போனால் மூடும் விசையில் துணி இம்மி இம்மியாக நகரும். வீட்டில் குழந்தை தவழ்கிறது என்றால் இந்த அறிவுரையைத் தூர வையுங்கள், அப்போதைக்கப்போதே மூடிவிடுங்கள்.

ஊக்குப் போட்ட க்வில்ட்டை மாதக்கணக்கில் மடித்து வைக்கக் கூடாது. கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் முலாம் போன ஊக்கு துருப்பிடிக்கும், அந்தப் பழுப்புப் புள்ளி லேசில் போகாது.

ஸ்ப்ரே கச்சா

க்வில்ட்டுக்கென்று தற்காலிகப் பசை ஸ்ப்ரே டப்பாவில் வருகிறது, துவைத்தால் போய்விடும். விலை கூடுதல், ஆனால் இரண்டு மணி நேர ஊக்கு வேலை அரை மணியில் முடியும், மெஷினில் நிறுத்தி நிறுத்தி ஊக்கு கழற்ற வேண்டாம். துணியை வளைத்து வளைத்துத் தைக்கும் ஃப்ரீ மோஷன் வேலைக்கு ஊக்கைவிட இது சுகம். பருத்தி பேட்டிங்கில் நன்றாகப் பிடிக்கும். உயரமான பாலியஸ்டரில் பசை மேல் இழையை மட்டும் பிடித்துக்கொண்டு அடி இழை நழுவும், அதற்கு ஊக்குத்தான் சரி.

ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும், மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே தீப்பிடிக்கக் கூடியது. அடுப்பு, ஊதுவத்தி, பூஜை விளக்கு எதுவும் அந்த அறையிலோ பக்கத்திலோ எரியக் கூடாது. சுற்றிலும் தரையில் பழைய பெட்ஷீட் விரியுங்கள். தப்பிய பசை டைல்ஸில் படிந்தால் நடப்பவர் கால் ஒட்டும், தூசியும் ஒட்டும்.

அடித்துணியை முன்போலவே டேப் போட்டுப் பிடித்து, பஞ்சை மேலே சரியாக விரியுங்கள். இப்போது பஞ்சின் பாதியை மறுபாதிமேல் மடித்துப் போட்டு, மடித்த பாதியின் அடிப்பக்கத்தில், மடிப்புக்கு அருகிலிருந்து ஒரு முழம் அகலத்துக்கு மட்டும் அடியுங்கள். டப்பாவைப் பஞ்சிலிருந்து 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடிக்க வேண்டும். துணிமேல் அடிப்பதைவிடப் பஞ்சுமேல் அடிப்பது நல்லது, துணியில் ஈரத் திட்டு விழாது. அடித்த பகுதியை அடித்துணிமேல் இறக்கித் தடவுங்கள், அடுத்த முழம் அடியுங்கள். ஒரு பாதி முடிந்ததும் மறுபாதி. பிறகு மேல் துணிக்கும் இதே முறை. சுருக்கம் விழுந்தால் பதறாமல் தூக்கித் திரும்ப ஒட்டலாம், அதற்கு இடம் கொடுக்கிற பசைதான் இது.

ஒட்டி முடித்ததும் திருப்பிப் போட்டு முதலில் அடித்துணியை, பிறகு மேல் துணியை, நடுவிலிருந்து வெளியே இஸ்திரி போடுங்கள். பாலியஸ்டர் பஞ்சானால் மிதமான சூடு, பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. கடைசியாக ஓரத்தைச் சுற்றி ஒரு வரிசை ஊக்கு குத்திவிடுங்கள். மெஷினில் திருப்பித் திருப்பிச் சுருட்டும்போது முதலில் பிரிவது ஓரம்தான்.

பசை அதிகமானால் மெஷின் சொல்லிவிடும்: தையல் விட்டு விட்டு விழும், நூல் அறும், ஊசியைத் தொட்டால் பிசுபிசுக்கும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஊசியைத் துடைத்தோ மாற்றியோ தொடரலாம். ஸ்ப்ரே கிடைக்காதபோது, பள்ளிப் பிள்ளைகளின் துவைத்தால் போகும் வெள்ளைப் பசையை மெல்லிய கோடாக இழுத்து, இஸ்திரியால் காயவைப்பவர்களும் உண்டு. மரவேலைப் பசையைத் தொடவே தொடாதீர்கள். அது காய்ந்தால் பிளாஸ்டிக், துவைத்தாலும் போகாது.

நூல் கச்சா

கையால் தைக்கும் க்வில்ட்டுக்கு இதுவே மேல். மெஷினுக்கு ஒரு சங்கடம்: நீளக் கண்ணிகளில் ஃபுட் மாட்டும், மேலே தையல் ஏறிவிட்டால் கச்சா நூலை உருவ முடியாது. பட்டுபோல ஊக்குத் துளை மூடாத துணியில் மட்டும் மெஷினுக்கும் இதையே நாட வேண்டியிருக்கும். நீளமான மெல்லிய ஊசி, வெளிர் நிறப் பருத்தி நூல், இரண்டு அங்குலத் தையல்கள், பிடி அகலத்துக்கு ஒரு வரிசை, நடுவிலிருந்து நாலு பக்கமும். கோணி ஊசி வேண்டாம். சிவப்பு, கறுப்பு நூலும் வேண்டாம், உருவும்போது சாயத் துகளை உள்ளே விட்டுப் போகும்.

விலைச்சீட்டு மாட்டும் பிளாஸ்டிக் துப்பாக்கியைச் சிலர் சொல்வார்கள். வேகம் உண்டு, பிடிப்பு இல்லை. மாட்டிய பிளாஸ்டிக்கின் நீளத்துக்கு அடுக்குகள் ஊஞ்சலாடும்.

மெஷினுக்குக் கொண்டுபோகும் முன்

டேப்பைக் கழற்றி, க்வில்ட்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஊக்குகளுக்கு நடுவே அடித்துணியை விரல்களால் கிள்ளினால் மடிப்பு எழக் கூடாது. ஓர் இடத்தில் எழுந்தால் அங்குள்ள நாலைந்து ஊக்கைக் கழற்றித் திரும்பக் குத்தலாம். எல்லா இடத்திலும் எழுந்தால் மொத்தத்தையும் கழற்றி மறுபடி டேப் ஒட்டுங்கள். மனசு வராதுதான். ஆனால் ஊக்கைக் கழற்ற அரை மணி, நுணுக்கமாகத் தைத்த தையலைப் பிரிக்க இரண்டு நாள்.

ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பஞ்சை மேல் துணியிலிருந்து ஒரு அங்குலம் விட்டு வெட்டுங்கள். அடித்துணியின் மிச்சத்தைப் பஞ்சின்மேல் மடித்து, மேல் துணியின் ஓரத்தோடு ஊக்கு குத்துங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் விட்டால், தொங்கும் அடித்துணி ஒருநாள் உங்களுக்குத் தெரியாமல் க்வில்ட்டுக்கு அடியில் மடிந்து தையலோடு தையலாகப் போய்ச் சேரும். தைப்பவர் பார்ப்பது மேல்பக்கம்தான். திருப்பும்போதுதான் தெரியும், அதற்குள் ஒன்றரை அடி தைத்திருப்பீர்கள்.

தைக்கத் தொடங்கியதும்

வாக்கிங் ஃபுட் இருந்தால் அதைப் போடுங்கள், மேலேயும் பல் இருப்பதால் மூன்று அடுக்கும் சேர்ந்தே நகரும். இல்லாவிட்டால் ஃபுட்டின் அழுத்தத்தைக் குறையுங்கள். காலால் மிதிக்கும் கறுப்பு மெஷினில் ஃபுட் கம்பியின் உச்சியில் உள்ள திருகைத் தளர்த்தினால் அழுத்தம் குறையும். 14ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர். மேசைக்கு இடப்பக்கமும் பின்பக்கமும் நாற்காலியோ ஸ்டூலோ போட்டு க்வில்ட்டைத் தாங்குங்கள். தரையில் தொங்கும் பாரம் தையலைப் பின்னுக்கு இழுக்கும், அப்போது எத்தனை ஊக்கு போட்டாலும் பயனில்லை.

முதலில் நடு இணைப்பில் நீளவாக்கில் ஒரு கோடு, அகலவாக்கில் ஒரு கோடு. இவை நங்கூரம். பிறகு ஒரு கட்டத்தை எடுத்து உள்ளே நிரப்பலாம். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளை ஒன்று மேலிருந்து, அடுத்தது கீழிருந்து என்று தைத்தால் நடுவில் சாய்வாகச் சுருக்கம் ஓடும். எல்லாவற்றையும் ஒரே திசையில் தையுங்கள். ஃபுட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் ஊக்கு வரும்போதே நிறுத்திக் கழற்றுங்கள். மேலே ஓட்டினால் ஊசி முறிவதோடு நிற்காது, அடியில் நூலைப் பிடிக்கும் கொக்கியின் டைமிங்கும் கலையலாம்.

தைக்கும்போது ஃபுட்டுக்கு முன்னால் மேல் துணியில் குமிழ் திரண்டால், அதைக் கையால் முன்னே இழுத்துத் தட்டையாக்க வேண்டாம், குறுக்குத் தையலை எட்டியதும் மடிந்துவிடும். ஊசியை இறக்கி வைத்து ஃபுட்டைத் தூக்கி இறக்குங்கள், குமிழ் பரவும். மிச்சத்தை அடுத்த தையல்வரை நாலைந்து நேர் ஊசிகளால் சமமாகப் பங்கிட்டுக் குத்தி, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே மெதுவாகத் தையுங்கள். கால் அங்குலம்வரை இப்படி விழுங்கலாம். அதற்கு மேல் என்றால் கச்சாவிலேயே தளர்வு. அந்தக் கட்டத்து ஊக்குகளைக் கழற்றி, துணியை விரித்து, மறுபடி குத்துங்கள். அடியில் மடிப்பு விழுந்துவிட்டால் மடிப்புக்கு இரு பக்கமும் 4 அங்குலம் பிரித்து, அடித்துணியைத் தடவி விரித்து, அங்கே மட்டும் நெருக்கமாக ஊக்கு குத்தித் தைக்கலாம். மடிப்பை மட்டும் பிரித்தால் மிஞ்சிய துணி போக இடமில்லாமல் பக்கத்தில் போய் விழும்.

கழற்றும் ஊக்கை மூடாமல் அப்படியே டப்பாவில் போடுங்கள், அடுத்த க்வில்ட்டுக்குத் திறக்கும் வேலை மிச்சம். தொடங்கும்போது எத்தனை எடுத்தீர்கள் என்று டப்பா மூடியில் எழுதி வைத்து, முடிந்ததும் எண்ணுங்கள். 300 எடுத்து 299 திரும்பினால் க்வில்ட்டின் ஓரத்தை மூடித் தைக்காதீர்கள். இரும்பு ஊக்கானால் ஒரு காந்தத்தைத் தரையிலும் க்வில்ட்டின் இரு பக்கத்திலும் ஓட்டுங்கள். பித்தளை ஊக்கைக் காந்தம் பிடிக்காது, உள்ளங்கையால் கட்டம் கட்டமாகத் தடவித்தான் தேட வேண்டும்.